படியிறங்கும் ஆறு

தபால்காரர் பார்சலை நீட்டியதும், மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவரை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு அவள் வாசலுக்குப் பாய்ந்தாள்.

"வந்துருச்சு! அண்ணா, அளவுகோல் அக்காவோட துண்டு வந்துருச்சு!"

"முதல்ல அவரோட மூக்கை அளந்து முடி," என்றான் கடையை நடத்தும் அண்ணன். "உன் ஆறு எங்கேயும் ஓடிப்போயிடாது."

ஆனால் ஓடியாக வேண்டுமே! நாளைக் காலை நூலகத்தின் மாடிப்படிச் சுவரில், மேல்தளத்திலிருந்து கீழ்த்தளம் வரைக்கும். ஒட்டுத்துணி தைக்கும் ஏழு பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாதவர்கள், ஆளுக்கொரு துண்டு தைத்தார்கள். அவர்களில் எதையும் நாடா வைத்து அளக்காமல் விடாத மூத்தவருக்கு 'அளவுகோல் அக்கா' என்று பெயர். ஆறு பேர் தபாலில் அனுப்ப, ஏழாமவளான இவள் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இணைப்பதாக ஏற்பாடு. இணைத்தால் மலையிலிருந்து கடல்வரை ஒரே ஆறு. தைத்தது போக மிஞ்சிய நீலத் துணியில் கொஞ்சம் உறைக்குள் செருகி அனுப்புவது அவர்கள் வழக்கம். எங்காவது கிழிந்தால் ஒட்டுப்போட உதவும்.

படத்தை வரைந்ததும் அவள்தான். குழுவில் சேர்ந்த புதிதில் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட வேலை. "வரலைன்னா சொல்லிடும்மா, அங்க ஒரு பெரிய கடிகாரம் மாட்டிடுறோம்" என்று நூலகர் வேறு சொல்லியிருந்தார்.

வரைந்ததில்தான் கோளாறு. படம் போட்ட காகிதத்தை மேலேயும் துணியை அடியிலும் வைத்து, கோட்டின்மேல் தைப்பது அவர்கள் முறை. படம் அடிப்பக்கத்தில் உருவாகும். இடம் வலமாக மாறிவிடும். அதனால் வரைகிறவர் முதலிலேயே திருப்பி வரைய வேண்டும். அவள் மறந்துபோனாள்.

முதல் துண்டைப் பிரித்த அன்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "கண் சோதிக்க வர்றவங்களுக்கு நிலைக்கண்ணாடியில நேரா தெரியணும்னு தினமும் எதிர்ச்சுவர்ல திருப்பி எழுதின எழுத்தை மாட்டுறவ நீ. உனக்கே தோணலையா?"

ஆனால் அடுத்த துண்டும் திரும்பியே வந்தது. அதற்கடுத்ததும். எல்லாம் ஒன்றுபோலத் திரும்பியிருந்ததால் ஆறு இம்மி பிசகாமல் சேர்ந்துகொண்டது! அவள் அன்று மூச்சுவிடாமல் பாடித் தீர்த்தாள்.

இப்போது பாக்கியிருந்தது அளவுகோல் அக்காவின் நடுத்துண்டு மட்டும்தான். வந்தவரை அளந்து அனுப்பிவிட்டு, அதைக் கடைத் தரையில் விரித்து மேல்துண்டோடு சேர்த்தாள். பொருந்தவில்லை. மேலே ஆறு வலது ஓரத்தில் முடிந்தது, இதில் இடது ஓரத்தில் தொடங்கியது. கீழேயும் அதே கதை.

உடனே போன் போட்டாள்.

"ஆமாம்மா, நீ திருப்பாம வரைஞ்சிருந்தே," என்றார் அளவுகோல் அக்கா. "புதுப் பொண்ணு, சொன்னா மனசு நோகும்னு நானே கமுக்கமா திருத்திட்டேன். ஏன், தையல் பிரிஞ்சிருச்சா?"

"தையல்ல குறையே இல்லக்கா. நாங்க ஆறு பேரும் தப்பு, நீங்க ஒருத்தர்தான் சரி. அதான் சிக்கலே!"

"அப்போ என் துண்டை விட்டுடு. ஏதாவது நீலத்துணியை நடுவுல வச்சுத் தைச்சுடு."

"விடறதா? உங்க மீனெல்லாம் இவ்வளவு அழகா நீந்துதே!"

பேசிக்கொண்டே இடைவெளியைப் பார்த்தாள். வலது ஓரத்தில் முடிந்த ஆறு. இடது ஓரத்தில் தொடங்கும் ஆறு. நடுவில் வெறும் தரை. சட்டென்று அவள் நிமிர்ந்தாள்.

"அக்கா! ஆறு எங்கேயாவது நேரா ஓடுமா? பாறை வந்தா வளையாதா?"

பதிலுக்குக் காத்திராமல் உறைகளைக் கவிழ்த்தாள். மிச்சத் துணிகள் கொட்டின. மயில்கழுத்து நீலம், நாவல்பழ நீலம், வெளுத்த பள்ளிச்சீருடை நீலம். நடுத்துண்டுக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இரண்டிலும் ஆறு குறுக்கே ஓடும்!

"அண்ணா, இஸ்திரிப்பெட்டி!"

"கடையைப் பூட்டிட்டேன்," என்றான் அவன், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "எதை முதல்ல தேய்க்கணும், சொல்லு."

மறுநாள் காலை ஆறு படியிறங்கியது. அதன் கூடவே, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு பெண்மணி கைப்பிடியைப் பிடித்தபடி படிப்படியாக இறங்கினார். யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடுவில், எல்லோருடைய நீலமும் கலந்து ஆறு குறுக்கே பாயும் இடத்தில் அவர் நின்றார்.

"இந்த வளைவு யாரு வரைஞ்சது?"

"நீங்கதான் அக்கா."

அவர் நாடாவை உருவி வளைவை அளந்தார். "கால் அங்குலம் கோணல்." பிறகு அவள் கன்னத்தைத் தட்டினார். "அடுத்த படத்தையும் நீயே வரை. திருப்பி வரையணும்னு மட்டும் சொல்ல மாட்டேன், உன் மனசு நோகும்."