சவரிநாதன் வீட்டுத் தண்ணீர்

எருமைகள் போய் ஒரு மாதமாகியும் கொசு போகவில்லை. தபாலாபீஸ் குமாஸ்தா சவரிநாதனுக்கு அது விளங்கவில்லை. பாலக்கரையில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பால்காரர் வீரமலை மூன்று எருமைகள் கட்டியிருந்தார். மாடு கழுவிய தண்ணீரெல்லாம் சந்தில் தேங்கிக் கறுத்துக் கிடந்தது. சவரிநாதன் சுகாதார அலுவலகத்துக்கு மூன்று மனு எழுதினார். கடைசியில் வந்து பார்த்தவர்கள், ஊருக்குள் மாடு கட்ட உரிமம் இல்லையென்று பத்து நாள் கெடு வைத்தார்கள். வீரமலை வீட்டைப் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடும் மாடுகளோடும் காட்டூரில் மைத்துனர் கொல்லைக்குப் போய்விட்டார்.

அது 1964ஆம் வருஷம். ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்தது. மூன்று நாளில் சூடு தணிந்தாலும் மூட்டுவலி விடவில்லை. சவரிநாதனின் மனைவி இருதயமேரிக்குத் தலைவாரக் கை எழும்பவில்லை. அவர்தான் சோறு பிசைந்து ஊட்டினார்.

வீடுவீடாகப் பார்த்து வந்த சுகாதார நர்ஸ் ஷரபுன்னிசாவை நேரே சந்துக்கு அழைத்துப் போனார் சவரிநாதன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"வீட்டுக்குள்ள தண்ணி எங்க புடிச்சு வச்சிருக்கீங்க?"

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். தெருவே தவித்தாலும் அவர் வீட்டில் தட்டுப்பாடு வந்ததில்லை. பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி, இரண்டு அண்டா, ஏழு மண்பானை. மேலாக மொண்டு மேலாகவே நிரப்புவார். எதுவும் அடிவரை காலியானதில்லை.

ஷரபுன்னிசா ஒரு பானைத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினாள். நூல் துண்டுகளைப் போல முப்பது நாற்பது புழுக்கள் நெளிந்தன. அடுத்த பானையிலும் அப்படியே.

"சாக்கடையிலேருந்து வந்ததுங்களா இது?"

"இல்லீங்க. இது பகல்ல கடிக்கிற வரிக்கொசு. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். இப்ப வர்ற காய்ச்சல் இதாலதான்."

"பக்கத்துல எருமை கட்டியிருந்தாங்க."

"அந்தக் கொசு வேறங்க. வாரம் ஒருதடவை எல்லாத்தையும் காலி பண்ணி, உள்பக்கம் தேங்கா நாரால தேய்ங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும், சும்மா கொட்டினா போகாது. வாயில துணி கட்டி வைங்க." போகிற போக்கில், சுற்றிலும் ஆறு வீட்டில் காய்ச்சல் என்றாள்.

அன்று பிற்பகல் முழுவதும் சவரிநாதன் தொட்டியை இறைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தேய்த்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து இருதயமேரிதான் சொன்னாள்:

"காட்டூருக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க."

"போய் என்ன சொல்றது?"

"பார்த்ததைச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறினார். கொல்லையில் கீற்றுக் கொட்டகை. வீரமலை எருமைக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்," என்றார்.

சவரிநாதன் உட்காரவில்லை. மனைவியின் காய்ச்சலையும் பானைகளையும் புழுக்களையும் நர்ஸ் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னார். "உங்க மாட்டால வந்த கொசுன்னு எழுதினேன். காய்ச்சல் கொசு எங்க வீட்லதான் இருந்துச்சு. மன்னிச்சுக்கங்க."

வீரமலை புண்ணாக்கு வாளியை எருமைக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். "சந்துல நாத்தம் இருந்துச்சுங்க. அது பொய்யில்லை. வீட்ல அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

கொட்டகைக்குள்ளிருந்து அவர் மனைவி வள்ளிக்கண்ணு வந்தாள். "விடியறதுக்குள்ள பாலோட பாலக்கரை போகணும்னா இவரு ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறாரு. இந்த வயசுல அம்புட்டுத் தூரம் சைக்கிள் மிதிக்கிறாரு. மன்னிப்பை நாங்க எங்க வைக்கிறது?"

"வள்ளி," என்றார் வீரமலை.

"சொல்லட்டுங்க," என்றார் சவரிநாதன். "மறுபடி அங்கயே கட்ட உரிமம் கேட்டு எழுதித் தரேன். நானும் கையெழுத்துப் போடுறேன்."

"வேண்டாங்க. மாடுங்க இங்க பழகிடுச்சு," என்றார் வீரமலை.

தை பிறந்த பிறகுதான் இருதயமேரியின் விரல்கள் மடங்கின. வெள்ளிக்கிழமைதோறும் பானைகள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. அக்கம்பக்கத்து ஆறு வீடுகளுக்கும் சவரிநாதனே போய், முதலில் தன் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு, தேய்க்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தார். நான்கு வீடுகள் கேட்டன. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வீரமலை பால் ஊற்றினார். சவரிநாதன் வீட்டுக்கு மட்டும் வள்ளிக்கண்ணு கடைசிவரை சம்மதிக்கவில்லை.