ஒரு டம்ளர் சர்க்கரை

பிள்ளைகள் இல்லம் ஊருக்குள் நகர்ந்து வந்தது மழைக்காலத்தில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பஸ் டிப்போவையும் தாண்டி, செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இருந்த கட்டடம், கூரை, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் கிளம்பிக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊர் கண் அசரும் நேரத்தில்தான் நகரும். ஒருநாள் ஒரு முழம் வரும், இன்னொரு நாள் ஒரு மாட்டு வண்டி நீளம் வரும். குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. கரண்ட் கம்பி தேவைக்கு ஏற்ப நீண்டுகொடுத்தது. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கம்பியில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

நகர்ந்ததற்குக் காரணம், அங்கே வேலை செய்த மூன்று பெண்களின் ஒரு வழக்கம். ஊர்க்காரர்கள் மூட்டை மூட்டையாக அனுப்பும் பழைய துணிகளை வார்டன் அம்மாவும் ஆயாவும் சமையல் அக்காவும் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து பிரிப்பார்கள். பொத்தான் இல்லாத சட்டைகள், ஜோடி இல்லாத சாக்ஸ், ஒருமுறை யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டுகூட வந்திருந்தது. மடித்து வைக்கும்போது, இந்த ஊர் என் கையில் கிடைத்தால் எதை மாற்றுவேன் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இல்லத்துப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி முன்னால் உட்கார வைப்பேன் என்பார் வார்டன் அம்மா. கேக்கும் கேமராவும் இல்லாமல், ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் யாராவது வந்து பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பாள் ஆயா. பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் அவ்வளவு பேர். கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றினாலே பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டி வாழ்த்துப் பாட ஆரம்பித்துவிடும்.

சமையல் அக்காவின் ஆசைதான் விசித்திரம். "எல்லாரும் நமக்குக் குடுக்கத்தான் வராங்க. ஒருத்தராவது நம்மகிட்ட ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்டு வந்திருக்காங்களா?"

"உன்கிட்ட யாருடி கேப்பா? நீ போடுற டீயைக் குடிச்சா, நீயே சர்க்கரைக்கு அலையுறவன்னு தெரிஞ்சிடும்" என்றாள் ஆயா. வார்டன் அம்மா சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் தளும்பியதாக நினைத்தார்கள். கட்டடம் கிளம்பியது அந்த நிமிஷம்தான்.

வந்து நின்றது, இல்லத்தை நடத்தும் கமிட்டியின் தலைவர் வீட்டை ஒட்டி. அவர் ஊரிலேயே பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். இரண்டு சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அமைந்துவிட்டன. அவர் பெயர் பெரிதாகப் பொறித்த, இல்லத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் கூட வரவில்லை. சூளைப் பக்கமே நின்றுவிட்டது.

முதல் வாரம் ஊரே வந்து அதிசயமாகப் பார்த்தது. பிறகுதான் சங்கடம் புரிந்தது. மாதம் ஒருமுறை இரக்கப்பட்டவர்கள், இப்போது பால் வாங்கப் போகும்போதெல்லாம் இரக்கப்பட வேண்டியிருந்தது. டாக்டர் மூட்டையில் கொடுத்தனுப்பிய பழைய கட்டம் போட்ட சட்டை, ஒரு பையன் உடம்பில் ஏறி, பந்தைத் தேடி டாக்டர் வீட்டுக் கேட்டையே ஏறிக் குதித்தது. பெயர் தெரியாத பிள்ளைகள் என்று இருந்தவர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்கள். "நல்ல காரியம்தாங்க, யாரு இல்லைன்னா? ஆனா நல்ல காரியத்துக்கும் ஒரு தூரம் வேணும்ல" என்றார் துணிக்கடைக்காரர். இல்லத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து மூன்று வெளியூர்களுக்கு அனுப்புவது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவர் வீட்டில் கூடிக் கையெழுத்துப் போடுவது என்று கமிட்டியில் முடிவாயிற்று.

சமையல் அக்காவுக்கு இது கேட்டதிலிருந்து உலை வைத்தால் அரிசி போட மறந்துபோனது. இல்லத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் இருந்தார்கள். தங்கை சாப்பிட்டு முடிக்கும்வரை அக்காக்காரி தட்டைத் தொட மாட்டாள். தங்கையோ சமையல் அக்காவின் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். வயதுவாரியாகப் பிரித்தால் இருவரும் இரண்டு ஊர்.

வெள்ளிக்கிழமை மழை விடவில்லை. கூடத்தில் கமிட்டி கூடியிருந்தது. துணிக்கடைக்காரரின் மனைவி டீக்குப் பாலைக் காய்ச்சிவிட்டு டப்பாவைத் திறந்தால், அடியில் ஓர் எறும்புதான் இருந்தது. எதிர் ஜன்னலில் சமையல் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டடம் வந்த நாளிலிருந்து இருவரும் அவரவர் அடுப்பையே பார்ப்பதாகப் பாவனை செய்துவந்தார்கள்.

"என்னங்க, கொஞ்சம் சர்க்கரை இருக்குமா? நாளைக்குக் குடுத்துடறேன்."

சமையல் அக்கா தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. டம்ளரில் கோபுரமாக அள்ளி நீட்டியதில், பாதி இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே கொட்டியது. இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த தங்கைக்காரி எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, கடன் வாங்கினா மறக்காம திருப்பிக் குடுக்கணும்" என்றாள்.

"வாயை மூடு கழுதை" என்று சமையல் அக்கா அவள் தலையில் வெங்காயக் கையாலேயே தட்டினாள்.

கூடத்தில் எல்லாரும் டீ பிரமாதம் என்றார்கள். துணிக்கடைக்காரர் பேனாவைத் திறந்தார். மனைவி தட்டோடு அப்படியே நின்றாள்.

"இவங்களை எப்ப அனுப்புறீங்க?"

"திங்கக்கிழமை. ஏன்?"

"இல்ல, அவங்ககிட்ட சர்க்கரை கடன் வாங்கியிருக்கேன். இப்ப நீங்க எல்லாரும் குடிச்சீங்களே, அது. அநாதைப் பிள்ளைங்ககிட்ட வாங்கித் தின்னுட்டு ஊரை விட்டுத் துரத்தினாங்கன்னு நாளைக்குக் கடைக்கு வர்றவங்க பேசுவாங்க. எனக்கென்ன, உங்க இஷ்டம்."

கடன் கேட்டு வெட்கப்படாதீர்கள் என்று கல்லாவுக்கு மேல் போர்டு மாட்டியிருப்பவர் அவர். தன் வாழ்நாளில் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காதவர். பேனாவை மூடினார். முதலில் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது.

மறுநாள் அவரே ஒரு மூட்டைச் சர்க்கரை வாங்கி வந்தார். மனைவி அதை டப்பாக்களில் கொட்டி மூடினாள். வேலை இருக்கிறது, சாயங்காலம் கொடுக்கிறேன் என்றாள். சாயங்காலம் ஜன்னல் வழியாக வெங்காயம் வாங்கினாள். அடுத்த நாள் சமையல் அக்கா தீப்பெட்டி கேட்டாள். பிறகு நூல், கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை. ஒரு செவ்வாய்க்கிழமை துணிக்கடைக்காரரின் பேத்தியே இந்தப் பக்கம் வந்து, விளையாடி, தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டு, அங்கேயே தூங்கிவிட்டாள். யார் யாருக்கு எது பாக்கி என்பது இப்போது ஒருவருக்கும் தெரியாது. அந்த முதல் டம்ளர் சர்க்கரை மட்டும் இன்னும் திரும்பவில்லை. சமையல் அக்கா கேட்கவும் இல்லை. கட்டடம் அதற்குப் பிறகு ஓர் அங்குலம் நகரவில்லை.

பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் இன்றும் சூளைப் பக்கம் போகிறார்கள். அங்கே வளைவின் கீழே கேக் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு, நிறைந்த மனத்தோடு திரும்புகிறார்கள். எதுவும் குறைவதாக யாரும் சொன்னதில்லை.

போன வாரம், ஊருக்கு வடக்கே இருக்கும் முதியோர் இல்லம் இரண்டு முழம் நகர்ந்திருக்கிறது என்று பால்காரர் சொன்னார். துணிக்கடைக்காரரின் மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து, "வந்தாங்கன்னா எங்க உக்காருவாங்க?" என்றாள்.

"உங்களுக்கு அந்தப் பக்கம் காலி இடம் இருக்குல்ல" என்றாள் சமையல் அக்கா.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த துணிக்கடைக்காரர், வரும்போது இன்னொரு மூட்டைச் சர்க்கரை வாங்கி வர வேண்டுமா என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்தார்.