தை மாதத்து நீர்மயில்

டில்லிக்கு வந்து எத்தனையோ வருஷமான பிறகும், குளிர்காலம் வந்தால் காமுவுக்குக் கல்கத்தாவில், கிடர்பூர் பேட்டையில் இருந்த வீட்டுக் கொல்லைக் குளம்தான் நினைவுக்கு வரும்.

கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தபோது அவளுக்கு வங்காளியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கணவன் அனந்தகிருஷ்ணன் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். சாப்பாட்டைத் தாண்டி இருவருக்கும் பேச்சு வளராது. குளத்து அல்லி இலைகள்மேல் நடந்து திரியும் நீர்மயில் பறவைகள்தாம் அவளுக்குத் துணை. கோடையில் அவற்றுக்குப் பொன்னிறப் பிடரியும், அரிவாளாய் வளைந்த நீண்ட வாலும் வரும். மழைக்காலம் போனதும் வால் உதிர்ந்து, நிறம் மங்கி, அடையாளமே தெரியாமல் போய்விடும்.

1912-ஆம் வருஷம், தை மாதம். காலையில் பல் தேய்க்கக் குளத்துக்குப் போன அனந்தகிருஷ்ணன் ஓடிவந்தான்.

"காமு, சீக்கிரம் வா! நீள வாலோட ஒரு பட்சி!"

"ஏதாவது கொடியைப் பார்த்திருப்பேள். ஐப்பசியிலேயே எல்லாத்துக்கும் வால் உதிர்ந்துடுத்தே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பகலெல்லாம் வேற யாரைப் பார்த்துண்டிருக்கேன் நான்?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. அவன் தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டு அழைத்துப்போனான்.

பனி விலகிக்கொண்டிருந்தது. மங்கிய பறவைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பொன் பிடரியும் நீண்ட வாலுமாக, தலை நிமிர்ந்து நடந்தது. மற்றவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாவம், முகூர்த்தம் தெரியாம அலங்காரம் பண்ணிண்டு வந்துடுத்து!" என்று காமு வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எது சண்டைக்காரி, எது எங்கே முட்டையிட்டது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. அதன் பிறகு தினமும் இருவரும் காப்பித் தம்ளரோடு குளத்தங்கரைக்குப் போனார்கள். "ஆபீஸை டில்லிக்கு மாத்தறா, காமு" என்று அவன் சொன்னதும் அங்கேதான்.

புறப்படுவதற்குள் வைகாசி வந்துவிட்டது. எல்லாப் பறவைகளுக்கும் வால் முளைத்திருந்தது.

"ஏன்னா, நம்மளது எது?"

"அதோ, அந்தக் கோடியில நிக்கறதே?"

"இல்லை, அது சண்டைக்காரி."

வாசலில் வண்டிக்காரன் கூப்பிடும்வரை இருவரும் தேடிக்கொண்டே நின்றார்கள்.