வலது பக்கப் பொத்தான்

இர்வான் வருகிறேன் என்று சொன்னதிலிருந்து தெகுவுக்கு ஒரே கவலை. என்ன விளையாடுவது?

சிக்காராங் தொழிற்பேட்டைக்கு ஆலை வேலைக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் தெகு, இர்வான், தோகார் மூன்று பேரும் தெகுவின் வாடகை அறையில்தான் கிடப்பார்கள். வீடியோ கேம் கால்பந்தில் இர்வானை அசைக்க ஆளில்லை. பிறகு ஒருநாள் ஆலையின் பிரஸ் மெஷின் அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் எத்தனை முறை அழைத்தும் அவன் வரவில்லை. இன்றுதான் வருகிறான்.

கார் பந்தயம் வேண்டாம். சுடுகிற விளையாட்டும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் விரல் வேகம் வேண்டும். தெகு யோசித்துக்கொண்டிருக்கும்போதே இர்வான் உள்ளே வந்தான். வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. பின்னாலேயே தோகார், சோயாவில் செய்து பொரித்த தெம்பே பொட்டலத்தோடு வந்து, பழக்கதோஷத்தில் கால்பந்தைத் திறந்துவிட்டான். தெகு காட்டிய ஜாடை அவனுக்கு உறைப்பதற்குள் இர்வான் கன்ட்ரோலரை எடுத்துவிட்டான்.

"போடுடா, பாக்கலாம்."

வேகமாக ஓட வைக்கும் பொத்தான் வலது மேல் விளிம்பில் இருந்தது. ஜாக்கெட்டின் கைப்பகுதிக்குள்ளிருந்தே இர்வான் மோதிர விரலை நீட்டி எட்டினான், எட்டியதும் நழுவியது. தோகார் இரண்டு கோல் போட்டான். மூன்றாவதற்கு, காலியான வலைக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தான்.

இர்வான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது எப்படிடா வெளிய போச்சு?"

"கை வழுக்கிடுச்சு."

"உனக்கா?"

இர்வான் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"இருடா, இன்னொண்ணு இருக்கு," என்று தெகு பதறிக்கொண்டு கைக்கு அகப்பட்டதைத் திறந்தான். எலும்பே இல்லாத மாவுப் பொம்மைகள் தள்ளாடித் தள்ளாடிப் பெட்டிகளை இழுத்து, பாலம் போட்டு, புதிர்களைத் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். "இதுல எவனாலயும் நேரா நடக்கவே முடியாது. ஒரு ஆட்டம் ஆடு. பிடிக்கலன்னா போ."

இர்வான் வாசலருகிலேயே உட்கார்ந்தான். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

திரையில் குறிப்பு வந்தது. பொம்மையின் இடது கை பிடிக்க இடது மேல் பொத்தான், வலது கை பிடிக்க வலது மேல் பொத்தான். தெகு வேறு ஆட்டத்தைத் தேடுவதற்குள் இது தொடங்கிவிட்டது.

முதல் சுவர். இர்வானின் நீலப் பொம்மை ஒற்றைக் கையில் தொங்கி விழுந்தது. மறுபடி விழுந்தது. தோகார் வாயைத் திறந்தான். தெகு அவன் தொடையைக் கிள்ளினான்.

இர்வான் கன்ட்ரோலரை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்தி இடுக்கினான். வலது கையை ஜாக்கெட்டின் கைப்பகுதியிலிருந்து முழுசாக வெளியே எடுத்தான். இரண்டு மொட்டை விரல்களையும் நண்பர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் பொத்தானை அழுத்தினான். பொம்மையின் வலது கை உயர்ந்து சுவரைப் பற்றியது.

பள்ளம் வந்தது. தோகாரின் மஞ்சள் பொம்மை சறுக்கி விளிம்பில் தொங்கியது. நீலம் இடது கையால் தூணைப் பிடித்து, வலது கையால் மஞ்சளைப் பிடித்தது. இர்வான் உள்ளங்கையைப் பொத்தானில் அழுத்திப் பிடித்திருந்தான்.

"விட்றாதடா. அடியிலேர்ந்து ஏறணும்," என்றான் தோகார்.

"இனிமே எனக்கு விட்டுக்குடுப்பியா?"

தோகாருக்கு முகம் சுண்டிப்போனது. "பாவமா இருந்துச்சுடா."

"பாவம் பாக்கவா வந்தேன்?"

"மாட்டேன். சத்தியமா மாட்டேன். இழுடா."

இர்வான் உள்ளங்கையைத் தூக்கினான். மஞ்சள் பொம்மை கைகால் உதறிக்கொண்டு பாதாளத்தில் போய் விழுந்தது.

"எருமை," என்றான் தோகார். "அரை மணி நேரம் ஏறினேன்டா. மேல வந்து உன்னத் தள்ளல, பாரு." அந்தக் கோபம் நடிப்பில்லை. தெகுவுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

தோகார் சொன்னபடியே ஏறி வந்து தள்ளினான். அன்றைக்கு உச்சியை யாரும் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் இர்வான் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன தெம்பேயை எடுத்துத் தின்றான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டியவனிடம் தோகார் கேட்டான். "கை வலிக்குதா?"

"வலிக்குதுடா," என்றான் இர்வான். "ராத்திரியில ரொம்ப."