படத்திலிருந்து இறங்கிய நீலம்

ஓவியக்கூடத்தின் கடைசி அறையில், சுவரை அடைத்துத் தொங்கும் சாம்பல் நிறப் படத்திலிருந்து அன்று காலை இறங்கிய ஆடு, வழக்கமாக வருகிற ஆடுகளைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆடு தெரிகிறது என்று சொல்லி, அதன் கொம்பையும் விரல் நீட்டிக் காட்டியிருந்தாள். ஆடு அது பாட்டுக்கு அறையைச் சுற்றிவிட்டு நாற்காலி உறையைக் கடித்தது. தரை துடைக்கிறவர் வாளியோடு வந்து, "நேத்து மழை, இன்னைக்குப் புழுக்கையா" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். பிள்ளைகள் வெளியேறியதும் ஆடு படத்துக்குள் போய்விட்டது. எப்போதும் அப்படித்தான், பிள்ளைகள் போனால் எல்லாம் போய்விடும்.

உள்ளதைச் சொன்னால், அந்தப் படத்தில் ஆடும் கிடையாது, மழையும் கிடையாது. சாம்பல் பூச்சு, இடப்பக்கம் பழுப்புக் கிறுக்கல், நடுவே மஞ்சள் திட்டு, கீழே வழிந்து நின்ற நீலம், அவ்வளவுதான். பெரியவர்கள் அதன் முன்னால் நின்று, "இத எங்க வீட்டுச் சின்னவனே வரைவான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு ஓர் ஈகூட இறங்கியதில்லை. ஒரு டீச்சர் பேருந்திலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளைகள், சூரியன் மறைகிறது என்று ஒரே குரலில் கத்தினார்கள். பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் வாசனை வந்ததோடு சரி. பிள்ளை தானாகப் பார்க்க வேண்டும், பார்த்ததைக் காட்டவும் வேண்டும். அந்த விஷயத்தில் படம் ரொம்பக் கறார்.

பிள்ளைகளுக்குப் படம் பார்க்கச் சொல்லித்தருகிற வேலையில் இருந்தவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். என்ன தெரியுது, எதப் பார்த்து அப்படிச் சொல்ற, வேற என்ன தெரியுது என்று கேட்பாள். சரி, தப்பு என்று எதையும் சொல்ல மாட்டாள். அவள் கணவர் ஒரு காலையில் வேலைக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அவளுக்கு அழுகை வரவில்லை. நாத்தனார் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒரு சொட்டு விடுங்க அண்ணி, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். அண்ணி என்ன, கண்ணீரை வைத்துக்கொண்டா வஞ்சகம் செய்தாள்? அடுத்த வாரமே வேலைக்கு வந்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. அந்த மரப்பு இறங்காமலே வருடங்கள் போயின.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தன் மகள் படிக்கிற வகுப்பு ஒருநாள் இங்கே வரும், மகள் படத்தைப் பார்த்து அப்பா என்பாள், அவர் இறங்கி வருவார். அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. பார்த்தாலாவது தனக்கு ஏதாவது ஆகிறதா என்று தெரிந்தால் போதும். சாப்பாடு போடும்போது, அப்பா மீசை ஞாபகம் இருக்கா என்று கேட்க வாயெடுத்து, சொல்லிக்கொடுத்ததாகிவிடுமே என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். அப்படியே அந்த வீட்டில் அப்பா என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது வந்தாள். மற்றவர்கள் சொல்லி ஒரு கோழியும் அரை ரயிலும் இறங்கியிருந்தன. மகளின் முறை வந்தது.

"என்ன தெரியுது?"

மகள் நெடுநேரம் பார்த்தாள். கோழி கேள்வியக்காவின் செருப்பைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள் மகள்.

இத்தனை வருடம் காத்திருந்தது போயிற்று. ஆனாலும் வேலை வேலைதானே, அடுத்ததைக் கேட்டாள்.

"எதப் பார்த்து அப்படிச் சொல்ற?"

"அந்த நீலம் வழியுதுல்ல, அங்க. நீதாம்மா. அழற."

நீலம் இருந்த இடம் வெறும் சாம்பலானது. தாடை நனைந்ததும், கூரைதான் ஒழுகுகிறது என்று கேள்வியக்கா நிமிர்ந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. அந்த மனுஷன் கடைசியில் பக்கத்தில் தன் ஆள் யாருமில்லாமல் போனாரே என்று அவளுக்கு அப்போதுதான் வலித்தது. அழுதாள். பிள்ளைகள் போனார்கள், கோழி போயிற்று, அரை ரயிலும் போயிற்று. அழுகை மட்டும் போகவில்லை.

இரவு சாப்பாடு போடும்போது கேட்டாள், "அப்பா மீசை ஞாபகம் இருக்காடி?"

"குத்தும்" என்றாள் மகள்.

நீலம் இன்றுவரை படத்துக்குத் திரும்பவில்லை. கேள்வியக்கா வருகிற வகுப்புகளிடமெல்லாம் அழுதுகொண்டே கேள்வி கேட்கிறாள், பிள்ளைகளும் பதில் சொல்கிறார்கள். துடைக்கிறவர் வாளியை அவள் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்.