ஒரே லைன்

மலேசியாவில் ஈஜோக் ஊர்ப் பக்கத்துத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து மெகராஜ் பேகத்துக்கு மரியாதை கூடியது, சுதந்திரம் போனது. அந்த யூனிக்ஸ் பெட்டியைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால்தான், கணவன் உதுமானுக்குக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் நடக்கும் நாளில்கூட அவள் இங்கே உட்கார்ந்திருந்தாள்.

லீவு கேட்கவில்லை. கேட்டுவிட்டால்தான் குடி முழுகிப் போய்விடுமே! அவளை வேலைக்கு எடுத்தபோது ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி தங்கரத்தினம், பெண்பிள்ளை வந்தால் வீட்டுத் தொல்லையும் கூடவே வரும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். அன்றைக்கு ஏறிய வைராக்கியம் இது. ஆபரேஷன் விஷயத்தைப் பற்றி ஆபீசில் மூச்சுவிடவில்லை. உதுமானின் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீஸ் போனில் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

முந்தின நாள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பெட்டியை ஓட்டும் யூனிக்ஸ் மென்பொருளைப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். காலையில் பெட்டி பாதியிலேயே நின்றுவிட்டது. பெட்டி எழுந்தால்தான் அவர்கள் கோலாலம்பூரிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே நுழைந்து பழுது பார்க்க முடியும். எழாத பெட்டிக்கு இவள் விரல்தான் கதி. கம்பெனி இஞ்சினியர் சிவானந்தம் தொலைபேசியில் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். கெட்டுப்போன ஒவ்வொரு கோப்புக்கும் சரிசெய்யவா என்று பெட்டி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டாள்.

தோட்டத்துக்கே அந்த ஒரு லைன்தான். வைத்தால் மறுபடி கிடைப்பது குதிரைக்கொம்பு, பிடித்துக்கொண்டே இருங்கள் என்றார் சிவானந்தம். பக்கத்து மேசையில் தங்கரத்தினம் பேப்பர் படிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சிவானந்தம் வைக்கவும் மாட்டார், இவள் வைக்கச் சொல்லவும் மாட்டாள். அதுவரை உதுமானின் அண்ணனுக்கு லைன் கிடைக்காது. வைராக்கியமாவது மண்ணாங்கட்டியாவது என்று தோன்றுவதற்குள் மதியமாகிவிட்டது.

"சார், லைனை விட்டுருங்க. என் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாங்க."

தங்கரத்தினத்தின் பேப்பர் கீழே இறங்கியது.

"ஏம்மா, காலையிலேயே சொல்லக்கூடாதா? என் மேசையில இன்னொரு போன் சும்மாதான் இருக்குலா," என்றார் சிவானந்தம்.

வார்டு நம்பரை வாங்கிக்கொண்டு அந்த இன்னொரு போனில் அவர் பேசுவது இவள் காதில் மங்கலாக விழுந்தது. திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உங்ககூட ஒரு வார்த்தை பேசணும்னு கேட்டாராம். அண்ணன் அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்காரு, லைன் கிடைக்கல. இப்ப மயக்க மருந்து குடுத்து உள்ள கொண்டுபோயிட்டாங்க."

உதுமான் என்ன சொல்ல நினைத்தாரோ, தன்னிடம் சொல்ல அவருக்கு இனி வாய்க்குமோ. எதிரே பெட்டி ஒருவழியாக உயிர் பெற்று, யார் நீ என்று பெயர் கேட்டு நின்றது. சிவானந்தத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை; தெரிந்ததைக் கேட்டார், திரையில் என்ன வந்திருக்கிறது என்று.

"எழுந்திருச்சு, சார்," என்று சொல்லிவிட்டு, தங்கரத்தினம் பார்க்கப் பார்க்க மெகராஜ் பேகம் வாய்விட்டு அழுதாள்.