மாப்பிள்ளைச் சோறு

மாம்புரியில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தானியத்தின் வெளியே தவிடு, அடியில் முளை, நடுவே மாப்பொருள். நாரும் சத்தும் முதலிரண்டில்தான் கூடுதல். தீட்டினால் அவை போய்விடும். மிஞ்சும் மா வேகமாகச் சீனியாகும். கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வெள்ளைச் சம்பா சாப்பிடுவேன்.

வீடு மனைவியுடையது. எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவான். அவள், இல்மா, டெங்குவில் மௌத்தாகி ஏழு மாதம். அந்த வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை. மாமாவும் இல்லை. நான் இன்னும் அந்த வீட்டில், அவளுடைய உம்மாவான மாமியோடு இருக்கிறேன். குறிஞ்சிப்பிட்டியில் என் உம்மா அறையை ஒதுக்கி வைத்திருக்கிறா. போக வேண்டும். மாமியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி நூற்றுப் பதினெட்டு. சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் டொக்டர். மருந்து தரவில்லை. சோற்றைக் குறைத்து, தீட்டாத அரிசிக்கு மாறச் சொன்னார்.

மாமியிடம் சிவப்பரிசி கேட்டேன். மகள் போனதும் மாப்பிள்ளையின் சாப்பாட்டை இறக்கிவிட்டார்கள் என்று ஊர் கதைக்கும் என்றா. சீனி வருத்தத்துக்காக அவ குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, தவிடோடு அரைத்த குரக்கன் மாப் பிட்டுத்தான் சாப்பிடுவா. அவவுக்கு அது மருந்து. எனக்கு வைத்தால் அவமானம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது மேசையில் மாமி வேறு சோறு வைத்திருந்தா.

“சிவப்புத்தான் மகன். சாப்பிடுங்க.”

வண்ணாத்திவில்லில் சிவப்பு நெல் எடுப்பித்து, மில்காரன் மிஹ்லாரிடம் இரண்டு தரம் தீட்டுவித்திருக்கிறா. பருக்கைக்கு ஒரு மெல்லிய சிவப்புக் கோடுதான் மிச்சம். யாராவது எட்டிப் பார்த்தால் வெள்ளை என்றே நினைப்பார்கள்.

நிறத்தில் ஒன்றுமில்லை, தவிடுதான் தேவை என்று விளக்கினேன்.

“தவிடு மாட்டுக்குத்தானே மகன்.”

வெறும் சாப்பாட்டுப் பீங்கானை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கலியாணமாகி மூன்று வருடத்தில் முதல் தடவை. பின்னால் வந்த மாமி முந்தானையை இழுத்துத் தலையை மூடினா. அவவின் பிட்டுச் சட்டியைக் காட்டி, இதில் தாருங்கள் என்றேன். மாப்பிள்ளை குசினியில் கேட்டுச் சாப்பிட்டால் அந்த வீட்டோடு மனம் முறிந்தது என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும்.

மாமி சட்டியைத் தொடவில்லை.

“போகப் போறீங்களா மகன்?”

ஏழு மாதமாகச் சொல்ல முடியாததை அவவே கேட்டுவிட்டா. ஓம் என்று ஒரு சொல் போதும்.

“இல்ல மாமி.”

அவ பிட்டை அள்ளி வைத்தா. இன்னும் கொஞ்சம் வைத்தா. நாளையிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் அவிக்கட்டுமா என்று கேட்டா.

அதற்கு ஓம் என்றேன்.